முன்வரிசை

நவம்பர் 11

காலையிலிருந்து மழை. மாநாட்டு அறக்கட்டளையிலிருந்து இந்த ஆண்டுக்கான அடையாள அட்டை வந்தது. பால்துரை என்ற என் பெயருக்குக் கீழே ‘புரோகிராமர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். பால் வாங்கப் போனபோது கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். தூத்துக்குடியில் நடக்கும் ஆவணப்பட மாநாட்டுக்குப் பதினாறு ஆண்டுகளாகப் படம் தேர்ந்தெடுப்பவன் நான். எந்தப் படம், எந்த அரங்கம், எந்த நேரம், யார் எங்கே உட்கார வேண்டும், எல்லாம் என் கையில். தேர்வாளர் என்று தமிழில் போடலாம். போட மாட்டார்கள்.

இந்த முறை எனக்குத் துணையாக ஜெனிட்டா என்ற பெண்ணை நியமித்திருக்கிறார்கள். வடக்கே திரைப்படக் கல்லூரியில் படித்தவள். ஊர்க்காரிதான், குரல் கணீரென்று இருக்கும், அது ஒன்று நல்லது. வந்த முதல் நாளே வேலையைப் பிரித்துவிட்டேன். வெளிநாட்டுப் படங்கள் அவளுக்கு. தமிழ்ப் படங்கள் எனக்கு. ஒருவர் பங்கில் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது.

நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கேசட் கடை வைத்திருந்தேன். யாரும் வாடகைக்கு எடுக்காத கேசட்டுகளை நானே பார்த்தேன். அவை எல்லாமே ஆவணப்படங்கள். அப்படிக் கற்றதுதான்.

நவம்பர் 14

இன்று ஐந்து படம் பார்த்தேன். நான்கு குப்பை.

என் முறை எல்லோருக்கும் தெரிந்தது. படத்தைச் சத்தமில்லாமல்தான் பார்ப்பேன். ஒலியை எடுத்துவிட்டால் பொய் எல்லாம் உதிர்ந்துவிடும். வயலின் அழவைக்க முடியாது, பின்னணிக் குரல் உபதேசம் செய்ய முடியாது. படம் தானே நிற்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். சில ஆண்டுகளாகத்தான் இந்த முறையைக் கடைப்பிடிக்கிறேன் என்று ஜெனிட்டா யாரிடமோ சொன்னாளாம். நல்ல முறை எப்போது தொடங்கினால் என்ன?

ஐந்தாவது படம், உப்பளப் பெண்களைப் பற்றியது. எடுத்தவள் வினோதினி, சென்னைப் பெண். படம் இங்கே பக்கத்து உப்பளத்தில்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. மாரிக்கனி என்ற பெண்ணை ஓர் ஆண்டு முழுக்கத் தொடர்ந்திருக்கிறாள். உப்பு வாருகிறார், சோறு வடிக்கிறார், மகளுக்குத் தலை சீவுகிறார். கடைசிப் பகுதியில் குடிசைக்குள் உட்கார்ந்து நேராகக் காமிராவைப் பார்த்துப் பேசுகிறார். நீண்ட நேரம். வெட்டே இல்லை. அந்த முகம்! உதடு நடுங்குவதும், கையால் தரையில் கோடு போடுவதும், பேசி முடித்ததும் விரலை நீட்டி எதையோ உறுதி வாங்குவதும். ஒரு சொல்லும் தேவையில்லை.

கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. அதை நான் படிப்பதில்லை. தமிழச்சி பேசுவதைத் தமிழன் ஆங்கிலத்தில் படிக்க வேண்டுமா?

தேர்வு.

நவம்பர் 15

வினோதினி போனில் கூப்பிட்டாள். லைன் சரியில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேசுவதில்லை, முணுமுணுக்கிறார்கள். சரி, சரி என்றேன். சந்தோஷமாக வைத்துவிட்டாள்.

நவம்பர் 21

அட்டவணைக் கூட்டம். உப்பளப் படத்தை டிசம்பர் 20 பிற்பகல், பெரிய அரங்கில் போட்டேன். முன்வரிசை உப்பளத்து ஆட்களுக்கு.

முன்வரிசை என் விதி. ஓர் ஊரில் படம் எடுத்தால் அந்த ஊர் ஆட்களை முன்னால் உட்காரவைத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது திருட்டு. அமைச்சர் வந்தாலும் இரண்டாம் வரிசைதான்.

“அண்ணாச்சி, அந்தப் பொண்ணு இதுக்குச் சம்மதிச்சிட்டாளா?” என்று ஜெனிட்டா கேட்டாள். “போட்டிக்கு, நடுவருங்க பாக்க மட்டும்னு அனுப்புன மாதிரி ஞாபகம்.”

“போன்ல பேசியாச்சு.”

“இல்ல, சில பேரு ஊர்ல காட்ட வேண்டாம்னு…”

“ஊர்ல காட்ட முடியாத படத்த ஊர்ல ஏன் எடுக்கணும்? அவ அப்பன் வீட்டு மூஞ்சியா அது?”

அட்டவணையில் குறித்துக்கொண்டாள். அவளுக்கு இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஊரில் பலருக்கும் தெரியும். ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் ஒருவன் துறைமுகத்தைப் படம் எடுக்க வந்தான். என் கடை வாசலிலும் எடுத்தான். என் மகள் ஷீபா ஓடிவந்து காமிராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். அடுத்த ஆண்டு மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அந்தப் படம் எங்கெங்கோ ஓடியது, இங்கே வரவில்லை. சென்னையில் ஒரு முறை போட்டார்கள் என்று கேள்விப்பட்டு நானும் என் மனைவி ரோஸ்லினும் போய்ப் பார்த்தோம். பிள்ளை வந்தாள், வாயைத் திறந்தாள், பின்னால் ஒருவன் இருமினான். காட்சி போய்விட்டது. என்ன சொன்னாள் என்று ரோஸ்லின் சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது புரியாது.

நவம்பர் 29

உப்பளத்துக் குடியிருப்புக்குப் போனேன். மழைக்காலம், பாத்தியெல்லாம் தண்ணீர், யாருக்கும் வேலை இல்லை. முதலில் கங்காணி தருமரைப் பார்த்தேன். அங்கே வேலைக்கு ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் அவர்தான். அவர் சொல்லாமல் ஒருவரும் வேனில் ஏற மாட்டார்கள். அவருக்கு நல்ல உரத்த குரல்.

“நம்ம பொம்பளையளு சினிமாவுல நடிச்சிருக்காவளா? வாரேன் அண்ணாச்சி, குடும்பத்தோட வாரேன்!” என்றார். அவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவதாகச் சொன்னேன்.

மாரிக்கனி வீட்டில் கல்யாணக் களை. மகளுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீடும் அதே குடியிருப்புதான், நான்கு வாசல் தள்ளி. கணவர் இசக்கி நல்ல மனிதர், எனக்கு நாற்காலி போட்டுத் துடைத்தும் விட்டார். மாப்பிள்ளையின் அப்பா அம்மாவையும் அழைத்தேன். சம்பந்தி படத்தில் வருவதைப் பார்க்காமல் இருக்கலாமா?

கிளம்பும்போது மாரிக்கனி வாசல் வரை வந்தார். உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் ஏதோ கேட்டார். முகத்தில் கவலை. மழைச் சத்தம் வேறு.

“ஆமாம்மா” என்றேன்.

முகம் தெளிந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். எளிய மக்களுக்கு ஒரு சொல் போதும்.

டிசம்பர் 6

காதில் நல்லெண்ணெய் விட்டேன். மழைச் சளி.

டிசம்பர் 13

அட்டவணை அச்சாகி வந்துவிட்டது. வினோதினி ஏதோ ஒரு நாட்டில் படத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. ஆங்கிலத்தில் நீளமாக மின்னஞ்சல் போட்டிருக்கிறாள். மாநாடு முடிந்து பார்த்துக்கொள்ளலாம். போனும் இரண்டு முறை அடித்தது, எடுக்கவில்லை. விருந்து அங்கே, எலும்பு இங்கே என்பதற்கு இந்த முறை இடம் தரப்போவதில்லை.

டிசம்பர் 19

மாநாடு தொடங்கிவிட்டது. வரவேற்புரையில் என் பெயரைத் தவறில்லாமல் சொன்னார்கள்.

மதியம் ஜெனிட்டா என்னைத் தனியாக அலுவலக அறைக்குக் கூட்டிப் போனாள். மேசையில் மடிக்கணினி. “அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கேன்” என்றாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே அந்த வெள்ளைக்காரனுடைய நாட்டு ஆவணக் காப்பகத்துக்கு எழுதி எழுதி, துறைமுகப் படத்தின் அந்தத் துண்டை வாங்கியிருக்கிறாள்.

என் கடை வாசல். பலகையில் பாதிப் பெயர். இடது பக்கத்திலிருந்து ஷீபா வந்தாள். பச்சைக் கவுன். காமிராவுக்கு முன்னால் வந்து நின்று, வாயைத் திறந்து, சொல்லி, சிரித்தாள்.

ஜெனிட்டா இரண்டு முறை போட்டாள். மூன்றாவது முறை ஒலியைக் கூட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர்.

“சுத்தம் பண்ணிக் குடுத்திருக்காங்க. எவ்ளோ தெளிவா கேக்குது பாத்தீங்களா?”

“ம்.”

“இத்தன வருசம் கழிச்சு… பாப்பா இப்படிச் சொல்லிருப்பான்னு நெனச்சீங்களா அண்ணாச்சி?”

“அப்பான்னுதானே கூப்பிடுவா. வேற என்ன சொல்லுவா?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு வேறு பக்கம் திரும்பி எதையோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவள் திரும்பியதும் “என்னம்மா?” என்றேன். “ஒண்ணுமில்ல” என்று பென்டிரைவை என் கையில் வைத்தாள்.

அவளுடைய பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 20

காலையில் அரங்கத்து வாசலில் ஜெனிட்டா என்னை மறித்தாள். வினோதினி விமான நிலையத்திலிருந்து அவளைக் கூப்பிட்டு அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகு ஜெனிட்டா உட்கார்ந்து படத்தை முழுக்கப் பார்த்திருக்கிறாள். என் பங்கில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று சொல்லியும்.

என் வலது காதுப் பக்கம் வந்து நின்றுகொண்டு பேசினாள்.

“அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி. இந்தப் படத்த நீங்க கேட்டீங்களா?”

“கத்தாத. எனக்குக் காது கேக்கும்.”

“கடைசியில அந்தம்மா என்ன பேசுதுன்னு தெரியுமா? கங்காணி கூப்புடுத நேரம் போகலன்னா மறுநாள் வேலை கெடையாதுன்னு சொல்லுது. பத்து வருசம் போனேன்னு சொல்லுது. எம்புருசனுக்குத் தெரியாது, எம்புள்ளைக்குத் தெரியாது, வெளிநாட்டுல காட்டு, டெல்லியில காட்டு, எங்க ஊர்ல மட்டும் போட்டுராதம்மா, சத்தியம் பண்ணுன்னு கையை நீட்டுது. படத்துலயே இருக்கு. அந்த கங்காணிக்குப் பொன்னாடை போர்த்தப் போறீங்க!”

மழை விட்டு வெயில் அடித்தது. தோரணம் கட்டிக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க” என்றாள். குரல் கெஞ்சியது. “தெரியாம நடந்துபோச்சு, காது கொஞ்சம் மந்தம், அவ்ளோதான். இப்பவே நிறுத்திருவோம். யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கிடுதேன். நேத்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு அண்ணாச்சி.”

காது கொஞ்சம் மந்தம். பதினாறு ஆண்டு உழைத்தவனுக்கு இந்தப் பிள்ளை தரும் பட்டம்.

“கேட்டேன்” என்றேன். “முழுசாக் கேட்டேன். கேட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன்.”

“கேட்டுட்டா வேன் அனுப்புனீங்க?”

“ஆமா. உண்மையச் சொன்ன பொம்பள எதுக்கு ஒளியணும்? ஒளிய வேண்டியவன் அவன். முன்வரிசையில உக்காந்து அவன் பாக்கட்டும்.”

சொன்ன பிறகுதான் தோன்றியது, எவ்வளவு சரியான வாதம் என்று. முன்பே யோசித்துவைத்தது போலவே இருந்தது.

அவள் பின்வாங்கி நின்றாள். என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அறக்கட்டளைத் தலைவரிடம் ஓடினாள். அவர் வழக்கம்போல, “தமிழ்ப் படம் அண்ணாச்சி பொறுப்பு, அவர் சொன்னா நிறுத்தலாம்” என்று சொல்லியிருக்கிறார். பிறகு மாரிக்கனியை வழியிலேயே பிடித்துவிடலாம் என்று வெயிலில் முன்வாசலில் போய் நின்றாள். முன்வரிசை ஆட்களின் வேன் எப்போதும் பின்வாசலில்தான் வரும். கை கால் கழுவி, டீ குடித்து, பக்கக் கதவு வழியாக உள்ளே வருவார்கள். அவள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

டிசம்பர் 21

நேற்றைய திரையிடல் பற்றி.

அரங்கம் நிறைந்து படிக்கட்டிலும் ஆட்கள். முன்வரிசையில் வலமிருந்து இடமாகக் கங்காணி, அவர் மனைவி, இசக்கி, மாரிக்கனி, மகள், மாப்பிள்ளையின் அப்பா, அம்மா. மாரிக்கனி ரோஸ் நிறப் பட்டு கட்டியிருந்தார். கல்யாணத்துக்கு எடுத்ததை இதற்காகப் பிரித்துக் கட்டியிருக்க வேண்டும், மடிப்பு கலையவில்லை. கங்காணிக்கு நானே பொன்னாடை போர்த்தினேன். கைதட்டல். நான் பக்கச் சுவரோரம் நின்றேன். அங்கிருந்து திரையும் தெரியும், முன்வரிசை முகங்களும் தெரியும்.

தொடக்கத்தில் சிரிப்பு. தங்கள் வீட்டுக் கோழி திரையில் ஓடியதற்குக் கைதட்டினார்கள். மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். ஜெனிட்டா பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்த கூட்டத்தைத் தாண்டி அவளால் முன்னால் வர முடியவில்லை.

கடைசிப் பகுதி வந்தது. குடிசை, தரை, முகம். மாரிக்கனியின் சிரிப்பு சற்று நேரம் அப்படியே முகத்தில் இருந்தது, கழற்ற மறந்ததுபோல. பிறகு பாதி எழுந்து, பின்னால் திரும்பி, படம் ஓட்டும் அறையைப் பார்த்துக் கையை ஆட்டினார். திரையில் தங்களைப் பார்க்கிறவர்கள் கையை ஆட்டுவது வழக்கம்தான்.

இசக்கி திரையைப் பார்க்கவில்லை. மனைவியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சாய்ந்திருந்த தோளிலிருந்து தலையை எடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார், அவர் எழுந்ததும் கணவரும் எழுந்தார், வரிசையை ஒட்டி நடந்து போனார்கள். போகும்போது மாரிக்கனியின் முழங்கால் படாமல் சேலையை ஒதுக்கிக்கொண்டார் அந்த அம்மா. கங்காணி பொன்னாடையை எடுத்து நான்காக மடித்தார். நாற்காலியில் வைத்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். கையோடு கொண்டுபோனார்.

விளக்கு எரிந்தபோது முன்வரிசையில் மாரிக்கனி மட்டும் இருந்தார். பின்னாலிருந்து மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கே அது கேட்டது.

டிசம்பர் 22

பத்திரிகைகளில் நல்ல வரவேற்பு. ‘சுரண்டியவர் முகத்துக்கு நேராக ஒரு படம்’ என்று ஒன்றில் தலைப்பு. என் துணிச்சலைப் பாராட்டியிருக்கிறார்கள். வெட்டி ஒட்டினேன். வினோதினி பரிசு வாங்க மேடைக்கு வரவில்லை. ஜெனிட்டாவும் இல்லை.

டிசம்பர் 28

காலையில் கதவு திறந்திருந்தது. நிமிர்ந்தால் மாரிக்கனி நிற்கிறார். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாரோ. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தார். இடது கண்ணைச் சுற்றிக் கன்றியிருந்தது.

பேசினார். தலையைக் குனிந்துகொண்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பேசினார். உதடு தெரியவில்லை. நடுவில் ஒரு முறை நிமிர்ந்து கையெடுத்துக் கும்பிட்டார். சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார். மறுபடி குனிந்துகொண்டார். விரல் தரையில் கோடு போட்டது, படத்தில் வந்தது போலவே. நல்ல முகம், வினோதினி சரியாகத்தான் பிடித்திருக்கிறாள்.

“சத்தமாப் பேசும்மா” என்று சொல்லியிருக்கலாம். அழுகிறவரிடம் அப்படிச் சொல்வது மரியாதை இல்லை.

முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். பதிலுக்குக் காத்திருந்தார்.

தலையாட்டினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். போகும்போது என் காலைத் தொட வந்தார், தடுத்துவிட்டேன். தெருமுனை திரும்பும்வரை நடை சற்று வேகமாகவே இருந்தது.

டிசம்பர் 31

வீடு பெருக்கினேன். பழைய கேசட்டுகளை வெயிலில் வைத்தேன்.

ஜனவரி 4

ஜெனிட்டா வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று பேசினாள். ஒவ்வொரு சொல்லையும் வாய் அசைவு தெரியும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அது என்னை அவமதிக்க என்று எனக்குத் தெரியும்.

“ஞாயித்துக்கிழமை உப்பளத்துல எல்லாரும் கூடியிருந்தாங்க. மாப்பிள்ள வீடு, சாதிப் பெரியவங்க, எல்லாரும். நீங்க வருவீங்கன்னு அந்தம்மா சாயங்காலம் வரைக்கும் எல்லாரையும் உக்கார வச்சிருந்திருக்கு.”

“நான் எதுக்கு?”

“படத்துல பேசுனது அதோட கதையில்ல, டைரக்டர் சொல்லிக்குடுத்த வசனம்னு நீங்க வந்து சபையில சொல்லுதேன்னு ஒத்துக்கிட்டீங்களாம். பெரிய மனுசன் தலையாட்டிட்டாருன்னு சொல்லிச் சொல்லி உக்கார வச்சிருந்திருக்கு. வேன் சத்தம் கேக்குத நேரமெல்லாம் ரோட்டப் போயிப் பாத்திருக்கு.”

கேட்டின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன்.

“மொதல்லயும் ஒருவாட்டி ஒத்துக்கிட்டீங்களாமே? அந்தப் பேச்ச வெட்டி எடுத்துட்டியளாய்யான்னு வீட்டு வாசல்ல வச்சுக் கேட்டதுக்கு ஆமான்னீங்களாம். அந்த நம்பிக்கையிலதான் பட்டுச் சேலை கட்டிட்டு வந்திருக்கு.”

கல்யாணம் நின்றுவிட்டது. இசக்கி வீட்டைப் பூட்டிக்கொண்டார். மகள் அப்பா பக்கம் நின்றுகொண்டு, அம்மாவின் துணிகளைத் தெருவில் போட்டாளாம். மாரிக்கனி திருப்பூர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார், யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. மழை விட்டதும் பாத்தி கட்டும் வேலை தொடங்கிவிட்டது. ஆள் எடுப்பது அதே தருமர்தான்.

“எடுக்க வந்தவ கேட்டது தப்பு. சொன்னவ…” என்று தொடங்கினேன்.

“போதும்” என்றாள். துணைத் தேர்வாளர் வேலையை விட்டுவிட்டாளாம். சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாளாம். வண்டியை எடுத்தவள் நிறுத்தினாள். திரும்பி வந்து கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“பென்டிரைவப் போட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“பாப்பா ‘அப்பா’ன்னு சொல்லல. என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியும். கேளுங்க, சொல்லுதேன். எனக்குக் காது கேக்காது, என்ன சொன்னான்னு சொல்லும்மான்னு வாயத் தொறந்து கேளுங்க. அது ஒண்ணுதான்.”

காத்திருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“எனக்குக் காது கேக்கும்” என்றேன்.

ஜனவரி 10

அடுத்த ஆண்டு மாநாட்டுக்கான விதிகளை எழுதி அறக்கட்டளைக்கு அனுப்பினேன். முன்வரிசை விதி அப்படியே இருக்கும். புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன். எல்லாப் படங்களுக்கும், தமிழ்ப் படங்களுக்கும், பேசுவதெல்லாம் தமிழில் எழுத்தாகக் கீழே வர வேண்டும். எழுத்து இல்லாத படம் ஏற்கப்படாது. காரணம் எழுதவில்லை. என்னிடம் காரணம் கேட்பவர்கள் இல்லை.

மாலையில் பென்டிரைவைப் போட்டேன். கடை வாசல், பச்சைக் கவுன். வருகிறாள், நிற்கிறாள், வாயைத் திறக்கிறாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உதடு இரண்டு முறை சேர்ந்து பிரிகிறது. பிறகு சிரிப்பு.

அந்த வெள்ளைக்காரன் கீழே எழுத்துப் போடவில்லை.